பேசப் போன இடத்தில் எழுதியது

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, ஐரோப்பாவில் நடந்த பருவநிலை மாநாடு ஒன்றுக்கு மாணவப் பிரதிநிதியாகப் போனேன். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் வீடு பெங்களூர் விவேக் நகரில். அப்பா பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வீட்டில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. மழை குறைந்த வருடங்களில் பெங்களூர் ஏரிகளின் நீர்மட்டம் எப்படி இறங்கியது என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். என் பேராசிரியை அதை மாநாட்டுக்கு அனுப்பிவைத்தார். மாணவர் அமர்வில் இரண்டு நிமிடம் பேசலாம், பயணச் செலவு அவர்களுடையது என்று பதில் வந்தது.

அப்பாவிடம் கடிதத்தைப் படித்து அர்த்தம் சொன்னேன்.

"ரெண்டு நிமிஷம் பேசறதுக்கா அவ்ளோ தூரம்?"

"ஆமாப்பா."

"போய்ச் சேரவே ஒரு நாள் ஆவுமே." டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "சரி, போய்ட்டு வா. நான் ஷிஃப்ட் மாத்திக்கினு ஏர்போர்ட்டுக்கு வரேன்."

பேராசிரியை காக்ஸ் டவுனில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லி, பீரோவிலிருந்து தன் கம்பளிக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். அந்துருண்டை வாசனை தூக்கலாக இருந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி என்னைப் பேசிக்காட்டச் சொன்னார்.

"மூணு நிமிஷம் ஆகுதும்மா. ஏரி பேரையெல்லாம் எடுத்துடு. அங்க யாருக்குத் தெரியப்போகுது?"

எடுத்தேன். அதற்குப் பிறகு படித்துப் பார்த்தபோது, எந்த ஊர் ஏரிக்கும் அந்தப் பேச்சு பொருந்தும் போலிருந்தது.

மாநாடு நடந்த கட்டடம் எங்கள் சிட்டி ரயில் நிலையத்தைவிடப் பெரியது. முதல் நாள் எங்கே போவது என்று தெரியாமல், பார்வையாளர்களை அனுமதித்த ஒரு கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேசியவர்கள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினேன். வகுப்பில் உட்கார்ந்த பழக்கம். வெளியே வந்ததும் ஒரு பெண்மணி நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும். ஒரு சின்னத் தீவு நாட்டின் பிரதிநிதி. மற்ற நாடுகள் இருபது முப்பது பேரோடு வந்திருக்க, அவர் நாட்டுக்கு அவர் ஒருவர்தான். ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் கூட்டம் நடந்தால் ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும்.

"நீ எழுதியதைப் பார்க்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே நான்கு பக்கமும் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, "இவர் ஏற்றுக்கொள்கிறோம் என்றாரா, பரிசீலிக்கிறோம் என்றாரா?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கோபிக்கவில்லை. நாளைக்கும் அதே அறையில் உட்கார முடியுமா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் வினைச்சொற்களை விடாமல் எழுதினேன். 'செய்ய வேண்டும்' என்பதா 'செய்யலாம்' என்பதா என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் வாதாடினார்கள். முன்வரிசையில் அவர் நாட்டின் பெயர்ப்பலகை ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நடக்க இருந்த மாணவர் அமர்வைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தள்ளிவைத்தார்கள். அதே மூன்று மணிக்கு நான் குறிப்பெடுக்கும் அறையில், மாநாட்டு வாசகத்தில் தீவுகளைப் பற்றிய பத்தி விவாதத்துக்கு வரவிருந்தது. அந்தப் பெண்மணி வேறொரு அறையில் பேசியாக வேண்டும். விஷயத்தைச் சொன்னேன். "நீ பேசத்தானே வந்தாய், போ" என்றார்.

போனேன். மாணவர் அரங்கின் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் தாளோடு நின்றார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம்தான் என்று உள்ளே அறிவித்தார்கள். வரிசையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி எங்கள் அறைக்கு நடந்தேன். தியாகம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அந்தப் பத்தி என்ன ஆகிறதென்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

உள்ளே நுழையும்போது, தீவுகளுக்கு உதவ வேண்டும் என்ற வரியை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பேர் ஆமோதித்தார்கள். வேறு யாருக்காவது மறுப்பு உண்டா என்று தலைவர் கேட்பதற்குள் இன்னொருவர் நீளமாகப் பேச ஆரம்பித்தார். பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது. நான் வெளியே வந்து ஓடினேன். கோட்டு முழங்காலில் தடுக்கியது. ஒரு காவலர் ஏதோ சத்தம் போட்டார், நிற்கவில்லை. அந்த இன்னொரு அறையில் பெண்மணி பேசி முடித்து உட்கார்ந்திருந்தார். குனிந்து காதில், "உங்கள் வரியை எடுக்கிறார்கள்" என்றேன். எழுந்து வந்துவிட்டார். நடைபாதையில் என்னைவிட வேகமாக நடந்தார்.

பேசிக்கொண்டிருந்தவர் இன்னும் முடிக்கவில்லை. பெண்மணி தன் இடத்தில் போய் உட்கார்ந்து, பேச வாய்ப்புக் கேட்டுப் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைத்தார். தன் முறை வந்ததும், "நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை" என்றார். ஒரு நாடு மறுத்தாலும் முடிவெடுக்க முடியாது என்பதால், வரியை அடைப்புக்குறிக்குள் போட்டு மறுநாளுக்கு வைத்தார்கள். நான் மாணவர் அரங்குக்குப் போனபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நாள் வெளியான வாசகத்தில் அந்த வரி இருந்தது. 'உதவ வேண்டும்' என்பது மட்டும் 'உதவலாம்' ஆகியிருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, "இருக்கிறது" என்று சொல்லிக் கைகொடுத்தார். மகிழ்ச்சியா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஊர் திரும்பினால், நான் மாநாட்டில் உரையாற்றியதாகத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நீ பேசவே இல்லியா?"

"இல்ல மேடம்."

"ஒரு நிமிஷந்தானே, பேசிட்டுப் போயிருக்கலாமே."

"வரிசை பெருசா இருந்துச்சு மேடம்."

அவர் தானே போய் அந்தத் தாளைக் கிழித்தார். செய்முறைத் தேர்வு வரை என்னிடம் அளவாகத்தான் பேசினார். அந்தத் தீவுப் பெண்மணியிடமிருந்து புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. பதில் போட்டேன், அதோடு சரி. அடுத்த வருடம் வேறொரு மாணவன் போனான். கண்டிப்பாகப் பேசுவேன் என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்களாம்.