ஒரு வரிக்கு ஒரு வேலை

கல்வராயன் மலைக் கிராமங்களுக்கு மருத்துவ வண்டி அனுப்பும் ஒரு தொண்டு நிறுவனத்தின் கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்த வாரம் எந்த ஊர் என்பதை, புள்ளிவிவரத்துக்கான ‘ஆர்’ என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு நிரல்தான் முடிவு செய்யும். பட்டியலில் இல்லாத ஊருக்கு வண்டி போகாது. நிரலை எழுதியவர் நான் சேரும் முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார்; இப்போது அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ஒரு காலை, வண்டியில் போகும் நர்ஸ் செல்வி அக்கா என் மேசைக்கு வந்தார்.

“இன்னாம்மா, மழை வுட்டு எவ்ளோ நாளாச்சு, இன்னும் அந்தக் கடைசி ஊரு பேரு வரல? அங்க ஒரு புள்ளத்தாச்சிக்குக் காலு வீங்கிக்கினு கீதாம். உன் கம்ப்யூட்டருக்கு மலை ஏற பயமா?”

வண்டி கிளம்பத் தயாராக நின்றது. பயந்துகொண்டே நிரலைத் திறந்தேன். நான் எழுதும் நிரல்களில் எல்லாவற்றுக்கும் ஏ, பி என்றுதான் பெயர் இருக்கும்; வரிகள் நெருக்கியடித்துக் கிடக்கும். இதுவோ ஒரு வரிக்கு ஒரு வேலையாக, ஒரே சீரான இடைவெளியோடு, கடிதம் போலப் படிக்க முடிந்தது. மழையில் பாதை கெடும் ஊர்களை விலக்கும் வரி உடனே கண்ணில் பட்டது. பக்கத்திலேயே குறிப்பு: “பாதை சரியானதும் இந்த வரியை நிறுத்தவும்.” யாரும் நிறுத்தவில்லை. நான் நிறுத்தி, நிரலை ஓட்டினேன். பல நாள் வண்டி போகாத அந்த ஊர் பட்டியலில் முதலில் வந்தது.

மதியம் அக்கா போனில் சொன்னார்: “பிரஷர் ரொம்ப ஜாஸ்திம்மா. வண்டியிலயே கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். இப்ப பரவால்ல.”

நிரலை எழுதியவரை நான் பார்த்ததே இல்லை. தனக்குப் பின்னால் யாரோ ஒருவர் அவசரத்தில் வந்து உட்காருவார் என்று அவர் நினைத்திருக்கிறார். அது நான் எழுதிய நிரலாக இருந்திருந்தால், அந்த வரியைத் தேடி முடிப்பதற்குள் வண்டி வேறு ஊருக்குப் போயிருக்கும்.