மினெர்வா வாங்காத தமாலே

எங்கள் மெஸ்கிட்டல் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுலேமாவுக்குப் பள்ளிக்கூட ஆர்டர் கிடைத்தது அவள் கொமாத்ரே மினெர்வாவின் தயவில்தானாம். முடிவெட்டும் கடையில் சொல்கிறார்கள், சர்ச் வாசலில் சொல்கிறார்கள், ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவளுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. சுலேமா என் அண்ணன் ரொஹேலியோவின் மனைவி. அவள் கடையின் கல்லாவில் பல வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான். நடந்ததைக் கூட இருந்து பார்த்தவள் சொல்கிறேன், கேளுங்கள்.

சுலேமா விற்பது டோர்ட்டியா. கோதுமையிலும் சோளத்திலும் சுடும் ரொட்டிதான், ஆனால் அவள் கை பட்டால் வேறு ருசி. அதிகாலையில் அடுப்பை மூட்டினால் மத்தியானத்துக்குள் தட்டு காலியாகிவிடும். அப்படித்தான் இருந்தது, நெடுஞ்சாலை ஓரம் அந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட் வரும்வரை. அந்த மார்க்கெட்காரன் கடைக்குள்ளேயே மெஷினைப் போட்டு, வாசனையை வாசல்வரை வரவிட்டு, சுடச்சுட விற்க ஆரம்பித்தான். எங்கள் தட்டில் சாயங்காலமும் ரொட்டி மிச்சம் இருந்தது. எங்கள் கடையில் நாலு பெண்கள் வேலை செய்தார்கள். கோடைக்குள் வழி பிறக்காவிட்டால் கடையை மூடிவிடலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

சுலேமா மூடுகிற ஆள் இல்லை. "பதினோரு பள்ளிக்கூடம் இருக்கு நம்ம கல்வி மாவட்டத்துல. பிள்ளைங்க மத்தியானம் திங்கிறது டோர்ட்டியாதானே? அது சான் அன்டோனியோலேருந்து லாரி ஏறி வரணுமா? நம்ம தெருவுலேருந்து போகக் கூடாதா?" என்றாள்.

"அண்ணி, அதுக்கெல்லாம் ஆள் தெரியணும்" என்றேன்.

"ஆள்தான் தெரியுமே!"

தெரியும்தான், அங்கேதான் வந்தது வினை. கல்வி மாவட்டத்தின் கொள்முதல் அதிகாரி மினெர்வா, சுலேமாவின் மகளுக்கு ஞானத்தாய். ஞானத்தாயும் பெற்ற தாயும் ஒருவரை ஒருவர் கொமாத்ரே என்று அழைப்பது எங்கள் வழக்கம். அது கூடப் பிறந்ததற்கும் ஒரு படி மேல். பென்சிலிலிருந்து பேருந்து டயர் வரை பள்ளிகளுக்கு வாங்குகிற எல்லாமே மினெர்வாவின் மேஜை வழியாகத்தான் போகும்.

அந்த வருஷம் டெண்டர் அறிவிப்பு வந்தது. சுலேமா விலை எழுதி, உறையை ஒட்டி, மினெர்வாவின் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கி வந்தாள். உறைகளைப் பிரிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. இடையில் கிறிஸ்துமஸ் வந்தது.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் என்றால் தமாலே. சோளமாவுக்குள் பன்றிக்கறி வைத்து, சோளத் தோகையில் சுற்றி, அண்டா அண்டாவாக அவிப்போம். அது வீடு வீடாகப் போக வேண்டும். போகாத வீடு சண்டை போட்ட வீடு என்று அர்த்தம். சுலேமா எப்போதும் செய்வதுபோல இரண்டு டஜனைத் துணியில் சுற்றிக்கொண்டு மினெர்வாவின் அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அங்கே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மினெர்வா எழுந்தே விட்டாள். "வெளிய எடுத்துட்டுப் போ. இப்பவே."

"ஆறிடும்டி. நின்னுக்கிட்டே ஒண்ணு தின்னு."

"சுலேமா, உன் உறை என் பீரோவுல இருக்கு. அதைப் பிரிக்கிறவ நான். நீ எனக்குச் சாப்பாடு கொண்டு வர்றே!"

"வருஷா வருஷம் கொண்டு வர்றதுதானே?"

"இந்த வருஷம் நீ என் கொமாத்ரே மட்டும் இல்லை."

டெண்டர் அறிவித்த நாளிலிருந்து முடிவு சொல்லும்வரை ஒரு வாய்ப்பூட்டுக் காலம் உண்டாம். போட்டி போடுகிறவர்கள் அதிகாரிகளைத் தனியாகப் பார்க்கக் கூடாது, ஒன்றும் கொடுக்கக் கூடாது. மினெர்வா நடந்ததைத் தானே மேலிடத்தில் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் சுலேமாவின் உறை பிரிக்காமலேயே திரும்பி வந்தது. ஆர்டர் மறுபடி சான் அன்டோனியோவுக்கே போனது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அந்த மினெர்வா வீட்டு ஜன்னலை உடைச்சுட்டு வர்றேன்" என்று கிளம்பினேன்.

"எந்த ஜன்னல்?" என்றான் அண்ணன். "போன புயலுக்கு அப்புறம் நான் மாட்டிக் குடுத்தேனே, அதையா?"

சுலேமா அழுதாள். மாவுக் கையோடு முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் வெள்ளை. அழுது முடித்ததும் எழுந்து முகம் கழுவினாள். "கோவம் வருது டெல்ஃபினா. ஆனா அவ வேலையை அவ செஞ்சா. என் வேலைதான் எனக்குத் தெரியல. போய்க் கேக்கப் போறேன்."

டெண்டர் முடிந்தபின், தோற்றவர்கள் வந்து ஏன் தோற்றோம் என்று கேட்கலாம். அதற்கு உரிமை உண்டு. ஊரில் யாரும் கேட்டதில்லை, கோபித்துக்கொண்டு போவதோடு சரி. சுலேமா போய், திரும்பி வந்த உறையைத் தானே பிரித்து மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மினெர்வா கதவை அகலத் திறந்துவைத்தாள், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று.

"தமாலே கொண்டு வரலைன்னாலும் நீ தோத்திருப்பே" என்றாள் மினெர்வா.

"என்னடி சொல்றே?"

"பிள்ளைங்க சாப்பாட்டுல முழுத் தானியம் இருக்கணும்னு சர்க்கார் விதி. நீ எழுதினது வெள்ளை மாவு. வண்டிக்கு இன்சூரன்ஸ் எங்கே? முன்கூட்டியே ஒரு கூட்டம் வெச்சோமே, விக்கிறவங்க எல்லாரும் வந்தாங்க. நீ வரலையே."

"உன்னைத்தான் தெரியுமேன்னு..."

"என்னைத் தெரிஞ்சு என்ன புண்ணியம்? கேள்வி இருந்தா எழுதி அனுப்பணும். பதிலை எல்லாருக்கும் சேர்த்துத்தான் அனுப்புவேன். உனக்குத் தனியா ஒரு வார்த்தை கிடையாது." பிறகு சொன்னாள்: "சின்னச் சின்ன வாங்கல் நிறைய இருக்கு. அதுக்கு மூணு பேர்கிட்ட விலை கேட்டாப் போதும், டெண்டர் வேண்டாம். விக்கிறவங்க பட்டியல்ல பேரைப் பதிஞ்சு வை. வேலை எப்படிச் செய்றேன்னு பள்ளிக்கூடங்க பாக்கட்டும்."

சுலேமா பேரைப் பதிந்தாள். பெற்றோர் கூட்டத்துக்குக் கொஞ்சம், ஆசிரியர் விருந்துக்குக் கொஞ்சம் என்று ஆர்டர் வர ஆரம்பித்தது. அதை வைத்துக் கடையை மூடாமல் கோடையைத் தாண்டினோம். ஒருநாள் கால்பந்துப் பயிற்சியாளர் போன் பண்ணி, பையன்கள் ஜெயித்துவிட்டார்கள், இருநூறு டோர்ட்டியா உடனே வேண்டும் என்று கத்தினார்.

"கொடுத்துடலாம் அண்ணி, தெரிஞ்சவர்தானே!" என்றேன்.

"ஆர்டர் நம்பர் வரட்டும். நம்பர் இல்லாம குடுத்தா அது தானம்."

பயிற்சியாளர் திட்டினார். அரை மணியில் நம்பர் வந்தது. டோர்ட்டியாவும் போனது, சூடு குறையாமல்.

முழுக் கோதுமைதான் பெரிய பாடாகப் போயிற்று. கல்லில் இருந்து எடுத்ததும் நன்றாக இருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் யார் கல்லிலிருந்து எடுத்துத் தருவார்கள்? அங்கே சூடுபெட்டிக்குள் ஒரு மணி நேரம் கிடந்துதான் தட்டுக்கு வரும். சுலேமா பழைய சூடுபெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்துக் கடையின் மூலையில் வைத்தாள். சுட்டதை அதில் போட்டு, ஒரு மணி கழித்துத்தான் தின்று பார்ப்பாள். மகள் ஒன்றைக் கடித்துவிட்டு, "அம்மா, இது அட்டைப்பெட்டி" என்றாள். சுலேமா தண்ணீரைக் கூட்டினாள், மாவை ஊறவைத்தாள், சூடு ஆறுவதற்குள் பையில் மூடினாள். நாங்கள் எல்லோரும் அந்த அட்டையைத் தின்று வயிறு நொந்தோம். ஒருநாள் மகள் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவதை எடுத்தாள். சுலேமா அங்கேயே நின்று கைதட்டினாள்.

மறுபடி வருஷக் கடைசி வந்தது, டெண்டரும் வந்தது. இந்த முறை கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போனாள். மினெர்வாவுடன் உள்ள உறவை உறையோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். மினெர்வாவும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டு, மதிப்பெண் போடும் குழுவிலிருந்து விலகிக்கொண்டாள்.

டிசம்பர் பிறந்ததும் தமாலே அவித்தோம். ஆனால் யாருக்குக் கொடுப்பது? மினெர்வா வீட்டுக்குக் கூடாது. ஆர்டருக்குக் கடைசியில் ஓட்டுப் போடும் கல்விக் குழுவின் ஏழு பேர் வீட்டுக்கும் கூடாது. சமையல் மேற்பார்வையாளர் வீட்டுக்குக் கூடாது. சின்ன ஊரில் மிச்சம் யார் இருக்கிறார்கள்! சர்ச் வாசலில் ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்கு அவ்வளவு திமிரா? பெரிய ஆர்டர் வரப்போகுதுன்னு தமாலேவை நிறுத்திட்டீங்களா?"

"ஆமாம் பாட்டி, திமிர்தான்! வந்ததும் உங்களுக்கு ரெண்டு டஜன் சேர்த்து அனுப்புறேன்" என்றேன்.

சர்ச் உள்ளே மினெர்வா எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுலேமாவைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான். இருவர் முகத்தையும் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

உறைகளைப் பிரித்து விலையை உரக்கப் படித்தார்கள். சான் அன்டோனியோக்காரன் விலை எங்களுடையதைவிடக் கொஞ்சம் குறைவு. "போச்சு அண்ணி" என்றேன். சுலேமா அசையவில்லை. "விலைக்கு மட்டுமா மார்க்கு? ருசிக்கும் உண்டு, நேரத்துக்கும் உண்டு. அறிவிப்பைப் படிச்சியா நீ?" என்றாள். ருசி பார்த்தது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். இரண்டு வகையையும் பேர் போடாமல், சூடுபெட்டியில் ஒரு மணி வைத்துக் கொடுத்தார்கள். சான் அன்டோனியோ ரொட்டி மடித்த இடத்தில் கிழிந்து, உள்ளே வைத்த பீன்ஸ் எல்லாம் மடியில் கொட்டியது. பிள்ளைகள் எது வேண்டும் என்று சொன்னார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் கல்விக் குழுக் கூட்டம், ஊரார் முன்னிலையில். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். "இந்தக் கடைக்காரம்மா நம்ம கொள்முதல் அதிகாரிக்குக் கொமாத்ரேன்னு ஊரே சொல்லுது. இது எப்படி நியாயமான டெண்டர்?"

நாலு பெண்களின் வேலையும் எங்கள் கடையும் அந்த மைக்கில் தொங்கின.

மினெர்வா எழுந்தாள். "ஆமாம், கொமாத்ரேதான். ரெண்டு பேரும் எழுதிக் குடுத்திருக்கோம். மார்க்கு போட்ட குழுவுல நான் இல்லை. போன வருஷம் இதே சுலேமா டெண்டர் நேரத்துல எனக்கு ரெண்டு டஜன் தமாலே கொண்டு வந்தா. நான் அவ உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். பதிவு இருக்கு, பாத்துக்கலாம்."

தலைவர் முன்னே சாய்ந்தார். "பன்னிக்கறியா, பீன்ஸா?"

"தெரியாதுங்க. பிரிச்சுப் பாக்கல."

கூட்டம் சிரித்தது. கேள்வி கேட்டவரும் சிரித்தார். ஏழு கைகளும் உயர்ந்தன. என் வாழ்நாளில் அன்றுதான் மினெர்வாவைக் கட்டிப்பிடிக்க ஆசை வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சுலேமா தலை வாரி, நல்ல உடை உடுத்தி, தமாலே கூடையோடு மினெர்வா வீட்டுக்குப் போனாள். வாய்ப்பூட்டுத்தான் முடிந்துவிட்டதே. மினெர்வா கதவைத் திறந்தாள், கூடையைப் பார்த்தாள், கதவைப் பாதி சாத்தினாள்.

"இப்பவும் கூடாதா?"

"இப்பத்தான் சுத்தமா கூடாது. போன வாரம் வரைக்கும் நீ கேக்கிறவ. இப்ப நீ விக்கிறவ. ஒப்பந்தம் இருக்கிற வரைக்கும் உன் வீட்டுத் தமாலே என் வீட்டுக்கு வரக் கூடாது."

சுலேமா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கடை நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஜெயிச்சிட்டோம் டெல்ஃபினா" என்றாள். குரலில் ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

அன்று சாயங்காலம் கடை வாசலில் மினெர்வா நின்றாள், கையில் ஒரு குண்டானோடு. வெந்நீர் வைத்தாலே அடி பிடிக்க விடுகிறவள் அவள். "நான் வாங்கத்தான் கூடாது" என்றாள். "குடுக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை. முழுக்கப் படிச்சுப் பாத்துட்டேன்."

தோகையைத் தலைகீழாகச் சுற்றியிருந்தாள். மாவு ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் கூழ். நான் ஒரு வாய் கடித்துவிட்டு அண்ணன் தட்டில் நகர்த்தினேன். சுலேமா மூன்றைத் தின்றாள்.

"எப்படிடி இருக்கு?" என்றாள் மினெர்வா.

"வாயில வைக்க முடியல. அடுத்த வருஷம் உப்பு போடு" என்று சொல்லிவிட்டு, சுலேமா நாலாவதைப் பிரித்தாள்.