கழுவிக் கெடுத்த பத்து சென்ட்: சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். ஆறவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு ஓரப் பிசிறு துடைக்கும் வேலை பார்க்கிறேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் அமெரிக்காவின் பழைய காசுகளைப் பற்றி இரண்டு வருடமாகப் போனில் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அது நம் பக்கம் எப்படிக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே என் சின்ன மாமாவின் ஊர். அங்கே மாதா கோயிலில் முன்பு ஓர் அமெரிக்கச் சாமியார் இருந்தாராம். ஜெபத்தைத் தப்பில்லாமல் சொன்ன பிள்ளைகளுக்குத் தன் ஊர்க் காசைக் கொடுப்பாராம். எந்தக் கடையிலும் செல்லாத காசு என்பதால், பிள்ளைகள் குழி வெட்டி, காசைச் சுண்டி விளையாடித் தொலைத்தார்களாம். விளையாடிய இடம் இப்போது மாமாவின் கொல்லை.

மெட்டல் டிடெக்டர் ஆன்லைனில் 6,800 ரூபாய். என் சம்பளத்தில் வாங்கியது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

காலை 6.10க்கு விருத்தாசலத்தில் பஸ். டிக்கெட் 25 ரூபாய். பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பார்த்துவிட்டு கண்டக்டர், "என்னாம்மா, வூடு தொடைக்கிற மாப்பா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. சேத்தியாத்தோப்பில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய். ஏழே முக்காலுக்கு மாமா வீடு.

எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். மாமாவும் அத்தையும் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் சோடா மூடி பதினொன்று, ஆணிகள், ஒரு களைக்கொத்தின் உடைந்த முனை. ஒன்பதரைக்கு வேப்பமரத்தடியில் சத்தம் மாறியது. மெல்லிய, உயர்ந்த சத்தம். ஒரு சாண் ஆழத்தில் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுத்த வட்டம். ஊதிப் பார்த்தேன். இறக்கை வைத்த தொப்பி போட்ட ஒரு பெண்ணின் முகம். கீழே மண்ணுக்குள் 1921 என்று தெரிந்தது. அந்த வருடத்துப் பத்து சென்ட் காசு குறைவாகத்தான் அடிக்கப்பட்டது.

பழைய காசில் முதல் விதி, கழுவக் கூடாது. காலம் ஏற்றிய கறுப்புதான் அதற்குத் தோல். தேய்த்தால் கீறல் விழும். சேகரிப்பவர்கள் அதன் பிறகு தொட மாட்டார்கள். மண்ணோடு போட்டோ எடுத்து, ஆன்லைன் குழுவில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினேன். "அப்படியே வை, எதுவும் செய்யாதே" என்று உடனே பதில் வந்தது.

அதற்குள் பூசை முடிந்து மாமா, அத்தையோடு ஊர்க்காரர்கள் கூட்டமும் வந்துவிட்டது. காசு என் கையிலிருந்து மாமா கைக்குப் போனது, அங்கிருந்து பத்துக் கைக்கு.

"எங்க அப்பாரு தொலைச்சதா இருக்கும்டா!"

"உங்க அப்பாரு என்னிக்கி ஜெபம் ஒழுங்கா சொன்னாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா, "நம்ம மிஷினு சும்மாவா?" என்றார். நம்ம மிஷின்! கண்டுபிடித்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அத்தை காசை வாங்கி, "அய்ய, எவ்ளோ அழுக்கா இருக்குது, குடு" என்று கிணற்றடிக்குப் போனார். எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும். 'வேணாம் அத்தை' என்று இரண்டு வார்த்தை. வாய் வரவில்லை. புளி, உப்பு, இரும்பு நார். இரண்டு நிமிடம். குத்துவிளக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிட்டு, "பாரு பாப்பா, எப்டி மின்னுது!" என்று ஆசையாக நீட்டினார். காசில் இருந்த அந்தப் பெண்ணின் முகம் முழுக்கக் கோடு கோடாகக் கீறல்.

பட்டறையில், காயாத பொம்மையை யாராவது அவசரப்பட்டுத் தூக்கினால் விரல் பதிந்த இடம் சூளையில் வெந்த பிறகும் தெரியும். அதைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். அங்கே நான் கத்துவேன். இங்கே நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குக் கிளம்பும்போது மாமா சொன்னார்: "மிஷினு இங்கியே இருக்கட்டும் பாப்பா. பொட்டப்புள்ள இதத் தூக்கிக்கினு பஸ்ஸுல போவியா? நான் பாத்துக்கறேன்."

"தர மாட்டேன்."

என் குரல்தான். கீச்சென்று வந்தது. மாமா சிரித்தார். "இது என்னுது மாமா. என் சம்பளத்துல வாங்கனது. காசும் நான் எடுத்ததுதான். அதக் கெடுத்துட்டீங்க." சிரிப்பு நின்றது. அத்தை முகம் சுருங்கியது. அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. காசை அவர்களிடமே விட்டுவிட்டு மிஷினோடு நடந்தேன். ஆட்டோவுக்கு நிற்கவில்லை, நான்கு கிலோமீட்டரும் நடைதான்.

அத்தைமேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சம். என்மேல்தான் அதிகம். தெரிந்தவள் நான் ஒருத்திதான், நானே பேசவில்லை.

தேடப் போகிறவர்களுக்கு: நிலத்துக்காரரிடம் முன்பே சம்மதம் கேளுங்கள். பழைய கோயில், கோட்டைப் பக்கம் போகவே வேண்டாம், சட்டப்படி குற்றம். தோண்டிய குழியை மூடுங்கள். தண்ணீர் இரண்டு லிட்டராவது வேண்டும். காசு கிடைத்தால் மண்ணோடு காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்து, பஸ் ஏறிய பிறகு யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். நிற்காதீர்கள்.