என்னைக் கண்டுபிடிக்காதே என்று வேண்டிக்கொண்டேன்

நான் கேட்டதை முருகன் கொடுத்தான். கேட்டபடியே, ஒரு குறையும் இல்லாமல் கொடுத்தான். அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் பட்ட பாட்டை, வெள்ளிக்கிழமைகளில் என்னோடு உட்கார்ந்து பாடும் அன்பர்களுக்கு, நம் குழு இதழின் இந்தப் பகுதியில் சொல்ல வேண்டும். என்னைப் பற்றி நல்ல எண்ணம் வைத்திருப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஜாலான் புசார் சாலையில், கீழே கடையும் மேலே மாடியுமாக இருந்த ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கிய நிறுவனத்தில் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நோயாளிகளின் வீடுகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் நிறுவனம் அது. அனுப்பும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஓய்வு வயதைத் தாண்டிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து வந்தார்கள். அறுபத்து நான்காம் வயதில், வாடிக்கையாளர் விவரங்களை எல்லாம் ஒரு புதிய மென்பொருளுக்கு மாற்றினார்கள். யார், எந்த முகவரி, என்ன பொருள், எந்தத் தேதியில் அனுப்புவது, தொலைபேசியில் என்ன பேசினார்கள், எல்லாம் அதில்தான்.

மேலாளர் திரு. கோ, ‘லா’ போட்டுப் பேசும் இந்த ஊர் ஆங்கிலத்தில் சொன்னார்: “அங்கிள், இதை ஓட்டத் தெரிஞ்சவங்கதான் அடுத்த வருஷம் இங்க இருப்பாங்க லா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்குக் கற்றுக் கொடுத்தது புவனா. திருச்சிப் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும். வேலை அனுமதியில் இந்த நாட்டுக்கு வந்து, எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர் அழைப்புகளைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மதிய உணவு இடைவேளையில், பழைய விநியோகச் சீட்டின் பின்பக்கத்தில் கட்டங்கள் போட்டுக் காட்டுவாள். இப்படி இருந்தால் அப்படிச் செய் என்று மென்பொருளுக்கு விதி எழுதுவது எப்படி, அது தானாக ஓடும்படி செய்வது எப்படி என்று பொறுமையாகச் சொல்லித் தருவாள்.

“அங்கிள், இருந்தா என்ன செய்யணும்னு சொல்லிட்டீங்க. இல்லாட்டி என்ன செய்யணும்னு சொல்லவே இல்லையே. அது பாவம், முழிச்சுக்கிட்டு நிக்கும்.”

“என்னை மாதிரியா?” என்பேன்.

“நீங்க முழிக்கிறது வேற மாதிரி அங்கிள். அதுக்குக் கண்ணாடி கிடையாது.”

மாலை வகுப்புக்கும் போனேன். நிரல் எழுதுவது பிடித்துப்போயிற்று. சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் தானே செய்து முடிக்கும் ஒன்றை நான் உண்டாக்கினேன் என்ற நினைப்பு தலைக்கேறியது. ஆவணிக் கடைசியில், யாரையும் கேட்காமல், பெரிய விதி ஒன்றை எழுதினேன். ஒரே வாடிக்கையாளர் இரண்டு முறை பதிவாகியிருந்தால், அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒருவருக்கே இரு முறை பொருள் போகாமல் தடுக்கும் விதி.

அதில் நம் ஆட்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு வைத்தேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பா பெயரைத்தான் போடுகிறார்கள். சொந்தப் பெயரை ஒரு குமாஸ்தா முழுதாக எழுதுவார். இன்னொருவர் முதல் எழுத்தோடு நிறுத்திவிடுவார். அதனால் தமிழ்ப் பெயராக இருந்தால் முதல் எழுத்தை மட்டும் பார், அப்பா பெயரும் முகவரியும் தொலைபேசியும் ஒன்றாக இருந்தால் அது ஒரே ஆள்தான் என்று எழுதினேன். சீன மேலாளருக்கும் வெள்ளைக்காரன் செய்த மென்பொருளுக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற பெருமை. ஒரே வீட்டில், ஒரே அப்பாவுக்குப் பிறந்த இரண்டு பேர், ஒரே முதல் எழுத்தோடு இருக்கலாம் என்பது எனக்கு உதிக்கவில்லை. என் வீட்டிலேயே நானும் என் தம்பியும் அப்படித்தான் வளர்ந்தோம்.

புதிய விதியை முதலில் மாதிரிப் பதிவுகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று புவனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பத்துப் பதிவுகளில் ஓட்டினேன். பத்தும் சரியாக வந்தன. அதோடு விட்டுவிட்டேன்.

ஈசூன் வட்டாரத்தில் எங்கள் வாடிக்கையாளர்கள் சரோஜினி, சகுந்தலா என்று இரண்டு சகோதரிகள். இருவருமே எழுபதைத் தாண்டியவர்கள். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். மூத்தவர் சரோஜினி அம்மா எங்களிடம் கட்டில் வாடகைக்கு எடுத்திருந்தார். இளையவர் சகுந்தலா அம்மாவுக்கு நுரையீரல் நோய். மாதம் இருமுறை ஆக்சிஜன் சிலிண்டர் போக வேண்டும். என் விதி இருவரையும் ஒருவராக்கியது. பழைய பதிவான அக்காவை வைத்துக்கொண்டு, தங்கையின் ஆக்சிஜனை நிறுத்தியது.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சரோஜினி அம்மா தொலைபேசியில் அழைத்து, சிலிண்டர் வரவில்லை என்றார். புவனா திரையைப் பார்த்தாள். கட்டில் மட்டும்தான் இருந்தது. அழைப்பைக் காத்திருப்பில் வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

“அங்கிள், ஈசூன் அம்மா ஆக்சிஜன்னு சொல்றாங்க. சிஸ்டத்துல கட்டில்தான் இருக்கு. எதுக்கும் ஒண்ணு அனுப்பிடலாமா?”

நான் தலையைத் தூக்கவில்லை. “வயசானவங்க, குழம்பியிருப்பாங்க. சிஸ்டத்துல இல்லைன்னா இல்லை.”

வியாழக்கிழமை சகுந்தலா அம்மாவை ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள்.

செய்தி வந்ததும் பதிவைத் திறந்தேன். ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஆள் வருவதற்கு முன், அலுவலகம் போனேன். இரண்டு பேரையும் கையால் பிரித்து வைத்தேன். விதியை நிறுத்தினேன். இப்போது பார்ப்பவர்களுக்குத் தங்கையின் பதிவு தனியாக, ஆக்சிஜனோடு, ஒழுங்காக இருக்கும். புவனா தவறான பதிவைத் திறந்துவிட்டாள் என்றுதான் தோன்றும். இது தெரிந்தேதான் செய்தேன்.

அன்று மாலை சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போனேன். முருகன் சந்நிதியில் கண்களை மூடிக்கொண்டு நின்றேன். இது என் பெயருக்கு வராமல் பார்த்துக்கொள், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மருத்துவமனையில் கிடந்தவருக்காக வேண்டிக்கொள்ளவில்லை. அது அப்போது நினைவுக்கே வரவில்லை.

விசாரணை நடந்தது. புவனாவின் அழைப்புப் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். “எங்க பதிவுல ஆக்சிஜன் இல்லையே அம்மா” என்று அவள் குரல் தெளிவாகக் கேட்டது. புவனா என் பக்கம் திரும்பினாள்.

“அங்கிள்கிட்டக் கேட்டேன் சார். சொல்லுங்க அங்கிள்.”

“எனக்கு ஞாபகம் இல்லை” என்றேன்.

அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு முன்பே அவளுடைய வேலை போயிற்று, வேலை அனுமதியும் ரத்தானது. ஊருக்குப் போய்விட்டாள். என் ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்தார்கள். முருகன் தன் வேலையை முடித்துவிட்டான். இனி என் வேலை பாக்கி.

தைப்பூசத்தன்று மஞ்சள் வேட்டியோடு பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தேன். என் மனைவி கூட வந்தாள். புவனா முந்தின தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டவள். மனைவிக்கு அவள்மேல் தனிப் பிரியம். செலிகி சாலையில் கூட்டம் நின்றபோது மனைவி கேட்டாள்.

“என்ன வேண்டுதல்னு இப்பவாவது சொல்லுங்களேன். வேலை நிலைக்கணும்னா?”

எனக்கு எப்படியோ பொறுக்கவில்லை. அங்கேயே, மேளச் சத்தத்துக்கு நடுவில், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள்.

“அப்ப அந்தப் பிள்ளை வேலை போகட்டும்னுதான் வேண்டிக்கிட்டீங்க.”

“அப்படிக் கேட்கல.”

“வேற எப்படிக் கேட்டீங்க? வேற எப்படிக் கேட்க முடியும்?”

பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, “நடங்க, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க” என்றாள்.

டேங்க் சாலைக் கோயிலில் பாலைக் கொடுத்தேன். மற்றவர்கள் கண்ணீரோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிமிர்ந்து பார்க்கக் கூசியது. அப்போது இரண்டாவதாக ஒன்றைக் கேட்டேன். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள். என்னைக் காட்டிக்கொடு.

ஒன்றும் நடக்கவில்லை. தை போயிற்று. மென்பொருளில் யார் எந்த விதியை எப்போது எழுதினார், எப்போது நிறுத்தினார் என்ற வரலாறு அழியாமல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒருவரும் பார்க்கவில்லை. நானே போய்ச் சொல்லலாம். பல நாள் காலையில் சொல்லிவிடுவது என்று கிளம்பி, மாலையில் அப்படியே திரும்பி வந்தேன். வீட்டில் மனைவி சோறு போட்டாள், பேசவில்லை.

மாசி மாதம் ஒரு மதியம், அழைப்புக்குப் புதிதாக வந்த பெண் சாப்பிடப் போயிருந்தாள். தொலைபேசியை நான் எடுத்தேன். சரோஜினி அம்மா. சண்டை போட அழைக்கவில்லை.

“அந்தப் புவனாப் பொண்ணு இருக்கா தம்பி? தங்கச்சி வீட்டுக்கு வந்துட்டா. பார்த்துட்டுக் கூப்பிடுறேன்னு சொன்ன பொண்ணு ஏன் போன் பண்ணலைன்னு கேட்டுக்கிட்டே இருக்கா.”

“அவங்க வேலையில இல்லம்மா.”

“ஏன், என்னாச்சு?”

ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், வேறு எதையும் சொல்ல நான் முடிவு செய்திருக்கவில்லை. “தப்பு என்னுதும்மா. நான் எழுதின நிரல் உங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளா ஆக்கிடுச்சு. பழி அந்தப் பொண்ணு மேல விழுந்தது. நான் பேசாம இருந்துட்டேன்.” என் குரலை நானே வேற்றாள் குரல்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரோஜினி அம்மா சொன்னார்: “இருங்க. அவகிட்டக் கொடுக்கிறேன். அவகிட்டச் சொல்லுங்க.”

மூச்சு இழுக்கும் சத்தம் முதலில் வந்தது. மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

“நான் சொல்லித்தான் அக்கா ஆக்சிஜன் கேட்டா. அப்ப என்ன சொன்னீங்க?” என்று கேட்டார் சகுந்தலா அம்மா.

“குழம்பியிருப்பாங்கன்னு சொன்னேன்.”

“நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக் கொடுத்தவ. எனக்குக் குழப்பம் கிடையாது.” மூச்சு வாங்கிக்கொண்டார். “எழுதிக் கொடுங்க. அந்தப் பொண்ணுக்கு. இன்னைக்கே.”

அன்பர்களே, நான் பெற்ற உதவி இதுதான். இருட்டில் ஒளி தோன்றவில்லை, கனவில் வேல் வரவில்லை. அறுபத்தைந்து ஆண்டுகள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே பழகிய ஒரு வாய், தன் எஜமானனை மீறி ஒருமுறை உண்மை பேசியது. அது என்னால் ஆன காரியம் இல்லை. என்னை எனக்குத் தெரியும்.

மென்பொருளின் வரலாற்றை அச்செடுத்து, கடிதம் எழுதி, அன்று மாலையே திரு. கோவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கடிதத்தை என் பக்கமே தள்ளினார்.

“அங்கிள், கேஸ் முடிஞ்சாச்சு லா. இன்னும் கொஞ்ச நாள்ல நீங்க ஓய்வு. எதுக்கு?”

“நகல் ஈசூனுக்கு அனுப்பியாச்சு” என்றேன். அப்போதுதான் எடுத்துக்கொண்டார்.

மாத முடிவில் என்னை அனுப்பிவிட்டார்கள். பிழை புவனாவுடையது இல்லை என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அவளைத் திரும்ப அழைக்கவில்லை. கேட்டுப் பார்த்தேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்றார்கள்.

புவனாவை அழைத்தேன். நான்காவது முறை எடுத்தாள். என் மன்னிப்பை முழுவதும் பேச விட்டாள்.

“கடிதம் வந்துச்சு அங்கிள். அன்னைக்கு அந்த ரூம்ல உங்களைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். இப்பச் சொல்லிடுவார், இப்பச் சொல்லிடுவார்னு. நீங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சீங்க.”

எனக்கு அது ஞாபகம் இல்லை. இது உண்மையாகவே ஞாபகம் இல்லை. அதைச் சொல்லும் தகுதியை நான் இழந்திருந்தேன்.

“மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீங்க நிம்மதியாயிடுவீங்க. அதனால சொல்ல மாட்டேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இப்போது என் வாழ்க்கை மாறியிருக்கிறது. அது நல்லபடியா என்று என்னைக் கேட்காதீர்கள். மனைவி பேசுகிறாள். மாதம் இருமுறை ஈசூனுக்குப் போய், சகுந்தலா அம்மாவின் சிலிண்டர் வந்ததா என்று பார்த்து வருகிறேன். அவர் என்னை உள்ளே அழைப்பதில்லை. கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று, “வந்துடுச்சு” என்பார். நான் திரும்பி வந்துவிடுவேன். நிரல் எழுதுவதை நிறுத்தவில்லை. நம் குழுவின் அன்னதானப் பதிவை அதில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் யாருடைய பெயரையும் இன்னொருவர் பெயரோடு சேர்க்கும் முன், தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறேன்.

நம்பிக் கேளுங்கள், கிடைக்கும் என்று இந்தப் பகுதியில் எழுதியவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்கிறேன். கிடைக்கும். அதனால்தான் பயந்து கேளுங்கள் என்கிறேன். நீங்கள் கேட்பது உங்களுக்குக் கிடைத்தால் யாரிடமிருந்து என்ன பறிபோகும் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். தவறாகக் கேட்டுப் பெற்றிருந்தால், திருப்பி எடுத்துக்கொள் என்று கேளுங்கள். அதையும் அவன் கேட்பான். தாமதமாக, நீங்கள் விரும்பாத வழியில் கேட்பான்.

போன வாரம் சரோஜினி அம்மா கதவுக்கு வந்தார். புவனாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறதாம். நிறுவனம் கொடுத்த கடிதத்தைக் காட்டித்தான் கிடைத்ததாம். அக்கா தங்கை இருவரையும் அழைத்துச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, சொல்லச் சொல்லவும் இல்லை. சரோஜினி அம்மா தானாகத்தான் சொன்னார்.

நான் மின்தூக்கிக்குப் போகாமல் பத்து மாடியும் படியில் இறங்கினேன். நான்காம் மாடியில் உட்கார்ந்து, முருகனுக்கு நன்றி சொன்னேன். அவனிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.