அவளுக்குப் போன நுரைப்பால்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. எழுதும்போதாவது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டு மாட்டைக் கறப்பது என் வேலை. நான் மருமகளாய் வந்த புதிதில், கறந்த சூட்டோடு நுரை பொங்கும் முதல் செம்புப் பால் எனக்குத்தான். காய்ச்சாமல் அப்படியே குடித்தால் பிள்ளை தங்கும் என்று மாமியாருக்கு நம்பிக்கை. ஆறு வருஷம் குடித்தேன். ஒன்றும் தங்கவில்லை. பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகிக் களக்காட்டிலிருந்து ஒருத்தி வந்தாள். மூன்றே மாதத்தில் அவளுக்கு மசக்கை. செம்பு கைமாறியது. "ஏளா, சூடு ஆறுததுக்குள்ள குடி" என்று மாமியார் அவளைக் கொஞ்சும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் காலை மாட்டின் மடி ஒரு பக்கம் வீங்கி இறுகிக் கிடந்தது. முதல் பீச்சலைத் தரையில் விட்டுப் பார்ப்பது வழக்கம். பால் திரிதிரியாக விழுந்தது. அந்தப் பாலைக் கொட்டிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியாமலில்லை. இவளுக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கட்டுமே, இரண்டு நாளாவது இந்தக் கொஞ்சல் ஓயட்டுமே என்று நினைத்தேன். துணியில் வடிகட்டிச் செம்பை நீட்டினேன்.

மூன்றாம் நாள் அவளுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் கொதித்தது. தண்ணீர்கூட இறங்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வண்டி வைத்து அழைத்து வந்த டாக்டர், தொண்டையைப் பார்த்ததும் காய்ச்சாத பால் குடித்தாளா என்று கேட்டார். நேரே தொழுவத்துக்குப் போய் மடியை அழுத்திப் பார்த்தார்.

"எப்பவும் வருத தொண்டைப்புண் கிருமி மாதிரி தெரியலை. அதே இனத்துல மாட்டு மடியில வளருத வேற வகை உண்டு. வயித்துப் பிள்ளைக்கு நான் உறுதி சொல்ல முடியாது."

கறக்கும்போது தெரியவில்லையா என்று மாமியார் என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். வீடே அவள் கட்டிலைச் சுற்றி நின்றது. எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் இப்படி யார் நிற்பார்கள் என்றுதான் அப்போதும் முதலில் தோன்றியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவள் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

எழுந்து உட்கார முடிந்த அன்று, நான் கஞ்சி கொண்டுபோனேன். பக்கத்தில் யாரும் இல்லை. கம்மிப்போன குரலில் பையச் சொன்னாள்: "அன்னைக்குப் பால் உப்புக் கரிச்சுது அக்கா. துப்பினா அத்தை உங்களைத்தான் ஏசுவாங்க. அதான் முழுங்கிட்டேன்."

இவ்வளவு நல்ல மனசையும் இவளுக்கேவா கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஞ்சியை ஆற்றி ஊட்டிவிட்டேன். திரிதிரியாக விழுந்ததைச் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அவள் உயிரோடு இருந்தவரைக்கும் சொல்லவில்லை.