முப்பத்தேழாம் நம்பர் சுவர்

சிந்தாமணி ஒரு வேலையில் இறங்கிவிட்டாள் என்றால், தெருவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பின்னால் வர வேண்டியதுதான். வரமாட்டேன் என்று சொல்லித் தப்பித்தவள் காளவாய்த் தெருவில் ஒரே ஒருத்திதான். அந்த ஒருத்தியால்தான் கடைசியில் சிந்தாமணியின் மானமே தப்பியது.

அரியலூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி, பெரிய தெருவையும் தாண்டி, பழைய சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால் கிடந்தது காளவாய்த் தெரு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அது வெறும் கருவேலங்காடு. சுண்ணாம்புக்கல் குவாரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், கங்கைகொண்ட சோழபுரம் என்று நாலா பக்கமிருந்தும் வந்தவர்கள், ஆளுக்கொரு மண்சுவர் எழுப்பிக் கீற்றைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆம்பிளைகள் சிமெண்டு மூட்டை தூக்கினார்கள், லாரியில் போனார்கள். பொம்பளைகள் குவாரியில் கல் உடைத்தார்கள்.

சிந்தாமணிக்கு விக்கிரமங்கலம். அவள் பிறந்த குடிசை இன்னொருத்தர் நிலத்தில் நின்றது. கோபம் வந்து அவர் "காலி பண்ணு" என்றால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய குடிசை. அரியலூருக்கு வந்து, புருஷன் உத்திராபதியும் அவளும் தண்ணீர் சுமந்து மண் குழைத்துக் கட்டிய இந்த நாலு சுவர்தான் அவள் வம்சத்திலேயே முதல் சொந்த வீடு. அதனால் சுவர் என்றால் அவளுக்கு உசுரு. காலையில் சாணி தெளிக்கும்போதே சுவரை ஒருதரம் தடவிப் பார்ப்பாள். "போதும்டி, சுவரு தேஞ்சிடப் போவுது" என்பான் உத்திராபதி.

எண்பதாம் வருஷம் வைகாசியில் சர்க்கார் ஆள் ஒருத்தர் காவித் தகர டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து, வீட்டுக்கு வீடு சுவரில் நம்பர் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வருஷம் ஜனத்தொகை எடுக்கப் போகிறார்கள், அதற்கு முன்னேற்பாடு என்றார். மொத்தம் ஐம்பத்திரண்டு வீடு. இதில் ஒரு விசேஷம் இருந்தது. தெருவுக்குக் குடிதண்ணீர் பைப் கேட்டு சிந்தாமணி பஞ்சாயத்து ஆபீஸ் படியேறி ஏறிச் செருப்பைத் தேய்த்திருந்தாள். அங்கே இருந்த கிளார்க் ஒருநாள் சலித்துப்போய்ச் சொல்லிவிட்டார்: "இந்தாம்மா, ஜனத்தொகை லிஸ்டுல உங்க தெரு தனித் தெருவா, அம்பது வூட்டுக்கு மேல வரட்டும். பைப் வரும். இப்ப ஆளை வுடு."

குவாரிக் குட்டைத் தண்ணீரைத்தான் தெருவே குடித்துக்கொண்டிருந்தது. அந்த ஆடியில் மஞ்சள்காமாலை வந்து வீராயியின் புருஷன் அய்யம்பெருமாள் பத்தே நாளில் போய்ச் சேர்ந்தார். குட்டைத் தண்ணிதான் காரணம் என்றார் டவுன் டாக்டர். வீராயியும் சிந்தாமணியும் குவாரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கல் உடைப்பவர்கள். சொந்த அக்கா தங்கச்சி கூட அப்படி ஒட்டிக்கொண்டு இருக்கமாட்டார்கள். பைப் வந்தே தீர வேண்டும் என்று அன்றைக்கே சிந்தாமணி மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் வந்தது பொங்கல். சும்மா இருப்பாளா? காளவாயில் தெரிந்தவர் ஒருத்தரைப் பிடித்து, உடைந்த சுண்ணாம்பு ரெண்டு வண்டி வாங்கி வந்துவிட்டாள். "இந்த வருசம் நம்ம தெருவைப் பாத்து ரயில்ல போறவன் கண்ணு கூசணும்!" என்று வீடு வீடாகப் போய்க் கிளப்பினாள். பானை பானையாகச் சுண்ணாம்பு கொதித்தது. நீலம் கலந்தார்கள். மூணு நாளில் காளவாய்த் தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பளீர் என்று ஆகிவிட்டது.

வீராயி வீடு ஒன்றைத் தவிர. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பொங்கல் கிடையாது, வெள்ளையடிப்பும் கிடையாது. அது சிந்தாமணிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் போகிக்கு முதல்நாள், மிச்சமிருந்த சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரின் மூலையில் வெள்ளையடிக்கும் மட்டையை வைத்துவிட்டாள். "பொங்கல் வைக்காட்டிப் போவுது, சுவரு என்னாக்கா பாவம் பண்ணுச்சு?" என்றாள். வீராயி பாய்ந்து வந்து மட்டையைப் பிடுங்கித் தெருவில் வீசினாள். "எவடி உன்னக் கூப்பிட்டா? போடி!" என்று கத்திவிட்டாள். நல்லது செய்யப் போன இடத்தில் இப்படியா என்று சிந்தாமணிக்கு முகம் செத்துப்போனது. அன்றையிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குவாரியில் ஒரே குவியலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று முதுகைக் காட்டிக்கொண்டு கல் உடைத்தார்கள்.

மாசி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலசுந்தரம் சார் வந்தார். டவுன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கக்கத்தில் குடை, கையில் எழுதி நிரப்ப ஒரு கட்டு பாரம். ஜனத்தொகை எடுக்க வந்தவர் அவர்தான். வந்தவர் தெருமுனையில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். மறுபடியும் துடைத்தார்.

"ஏம்மா, நம்பரெல்லாம் எங்க?"

"என்னா நம்பர் சார்?" என்றாள் சிந்தாமணி, வாசலில் நின்றபடி.

"சுவத்துல காவியில போட்டிருந்த நம்பர்மா! வீட்டு நம்பர்!"

சிந்தாமணி தன் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பால் மாதிரி இருந்தது. எதிர்வீட்டைப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான். அடப்பாவி, நம்பரையும் சேர்த்தல்லவா தெருவே வெள்ளையடித்திருக்கிறது!

"அழகா இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தாள்.

பாலசுந்தரம் சார் குடையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த லிஸ்டில் நம்பரும் பெயரும் இருந்தது நிஜம். ஆனால் வைகாசிக்கும் மாசிக்கும் நடுவில் பாதித் தெரு இடம் மாறியிருந்தது. குவாரி காண்ட்ராக்ட் மாறினால் ஆட்கள் மாறுவார்கள். ஒருத்தர் போன வீட்டில் இன்னொருத்தர் குடிவருவார். பேரை வைத்துச் சுவரைக் கண்டுபிடிக்க வழியில்லை.

"நாளைக்கு மத்தியானம் ஆபீஸ்ல சொல்லியாகணும்மா. லிஸ்டும் சுவரும் ஒத்துப்போகலைன்னா இதைத் தனித் தெருவா எழுதமாட்டாங்க. பெரிய தெருவோட சேத்துடுவாங்க" என்றார்.

பெரிய தெருவில்தான் ஏற்கெனவே பைப் இருக்கிறதே! அதோடு சேர்த்துவிட்டால் காளவாய்த் தெருவுக்கு எவன் பைப் கொடுப்பான்? சிந்தாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பைப்புக்கு அலைந்தவளும் அவள், அதற்கு உலை வைத்தவளும் அவளா?

"எல்லாரும் வெளிய வாங்க! அவங்கவங்க நம்பரைச் சொல்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

வந்தார்கள். ஆனால் அந்தத் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். "எங்க வூட்டுல ஒரு முட்டை இருந்துச்சு சார்" என்றாள் ஒருத்தி. "எங்க வூட்டுலதான் முட்டை! உன் வூட்டுல கொக்கு!" என்றாள் கொளஞ்சியம்மாள், தெருவில் குரல் பெரிய பொம்பளை. பூஜ்யம் அவர்களுக்கு முட்டை, இரண்டு கொக்கு. மூணு பேர் ஒன்றாம் நம்பர் தங்களுடையது என்று அடித்துச் சொன்னார்கள். ரயில்வே லைன் பக்கமிருந்து போட்டுக்கொண்டு வந்தார் என்று பாதிப் பேர், இல்லை காளவாய்ப் பக்கமிருந்து என்று மீதிப் பேர். சார் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கவிழ்த்த உரலின் மேல் உட்கார்ந்துவிட்டார். அழுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

சரி, காத்திருந்த நேரத்துக்கு ஒரு பாரமாவது எழுதுவோம் என்று சிந்தாமணியிடம் பேர், வயசு எல்லாம் கேட்டார். "என்னம்மா வேலை பாக்கறே?"

"வேலையா? சும்மாதான் சார் இருக்கேன்."

"கையில என்ன காயம்?"

"அது கல்லு உடைக்கறப்ப பட்டது சார்."

"ஏம்மா, வாரத்துல ஆறு நாள் கல்லு உடைக்கறே. அது வேலை இல்லியா?" என்று சார் கத்திவிட்டார். கூடியிருந்த பொம்பளைகள் எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தனை பேரும் "சும்மா இருக்கேன்" என்று சொல்லத்தான் வரிசையில் நின்றிருந்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் சிந்தாமணிக்குச் சுரீர் என்றது. மூலையில் மட்டையை வைத்தோம், வீராயி பிடுங்கி எறிந்தாள். அப்படியென்றால் மிச்சச் சுவர்? நம்பர் அங்கேயே இருக்குமே!

ஓடினாள். பாதி வழியில் கால் நின்றது. ஒரு மாசமாக முகம் பார்க்காதவள் வாசலில் போய் என்னவென்று நிற்பது? ஆனால் பைப்பை நினைத்தாள், பத்து நாளில் போன அய்யம்பெருமாளை நினைத்தாள். ரோஷத்தைத் தூக்கி ஓரமாய் வைத்துவிட்டு, "யக்கா" என்று கூப்பிட்டாள்.

வீராயி வெளியே வந்தாள். சுவர்மேல் ஒரு பனையோலைத் தட்டி சாய்த்து வைத்திருந்தது. அதனால்தான் சார் கண்ணுக்குப் படவில்லை.

"யக்கா, நான் முட்டாச் சிறுக்கி. தெருவோட நம்பரையெல்லாம் அழிச்சுத் தொலைச்சுட்டேன். உன் நம்பரு ஒண்ணுதான் இருக்கும். அது இல்லாட்டி நமக்குப் பைப் கெடையாது."

வீராயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் தட்டியை நகர்த்தினாள். கொழுகொழுவென்று காவியில் 37. பக்கத்தில், அடுத்த நம்பர் எந்தப் பக்கம் என்று காட்டும் அம்புக்குறி.

"பெருசா எழுதுங்க சார்னு எங்க வூட்டுக்காரருதான் கூட நின்னு எழுத வச்சாரு" என்றாள் வீராயி. "நமக்கும் ஒரு நம்பரு ஆயிப்போச்சு பாருடின்னு அன்னிக்கு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. அது மேல நீ சுண்ணாம்பை அடிக்க வந்தே. அதான் எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு."

சிந்தாமணி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். "ஏண்டி, மூஞ்சியத் தொடை. வாத்தியாரு வராரு" என்று வீராயிதான் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அப்புறம் என்ன! பாலசுந்தரம் சார் அம்புக்குறியைப் பார்த்ததும் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறைதான். அம்பு காட்டிய பக்கம் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று போனார். திரும்பி வந்து முப்பத்தாறு, முப்பத்தைந்து என்று போனார். தெருவே பின்னால் நடந்தது. காவிச் சட்டியை சிந்தாமணியே தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் இழைத்து இழைத்து அடித்த வெள்ளைச் சுவரில் சார் பதினெட்டு என்று எழுதியபோது, பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கிறது என்று தோன்றியது. கடைசி வீடு கொளஞ்சியம்மாளுடையது. ஐம்பத்திரண்டு. லிஸ்டிலும் ஐம்பத்திரண்டு. கொளஞ்சியம்மாள் வீட்டில் முட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. கொக்குதான் இருந்தது.

சாயங்காலம் வீராயி வீட்டுக்குப் பாரம் எழுத வந்தார் சார். "குடும்பத் தலைவர் அய்யம்பெருமாள்னு இருக்கு..."

"அது அப்படியே இருக்கட்டுமே சார்" என்றாள் வீராயி மெதுவாக.

"இப்ப இருக்கறவங்களைத்தாம்மா எழுதணும்."

வீராயி தலையைக் குனிந்துகொண்டாள். சிந்தாமணிதான் சொன்னாள்: "எழுதுங்க சார். குடும்பத் தலைவி வீராயி."

சார் எழுதினார். "வேலை?" என்று கேட்டுவிட்டு, வரப்போகும் பதிலுக்குத் தயாராகப் பெருமூச்சு விட்டார். ஆனால் வீராயி நிமிர்ந்து பார்த்தாள். "கல்லு உடைக்கிறேன் சார். பதினோரு வருசமா."

அடுத்த பொங்கலுக்கு வீராயியே வந்து, "ரெண்டு சட்டி சுண்ணாம்பு குடுடி" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். முழுச் சுவரும் அடித்தாள், நம்பரைச் சுற்றி மட்டும் ஒரு கட்டம் விட்டு. அதைப் பார்த்துத் தெருவே அப்படி ஐம்பத்திரண்டு கட்டம் விட்டது. சிந்தாமணி மட்டும் தன் சுவரில் கை தவறிப் பதினெட்டில் எட்டின் மேல் கொஞ்சம் வெள்ளையை இழுத்துவிட்டு, ஒரு வாரம் ஏச்சு வாங்கினாள்.

சித்திரையில் பைப் வந்தது. தண்ணீர் திறந்துவிடும் அன்றைக்கு ஐம்பத்திரண்டு குடமும் வரிசையில் நின்றன. யார் முதலில் என்று சண்டை கிளம்பியது. "நம்பர் பிரகாரம் புடிப்போம்" என்றாள் கொளஞ்சியம்மாள். ஒன்றாம் நம்பர்க்காரி குடத்தோடு முன்னால் வந்தாள்.

"நில்லு" என்றாள் சிந்தாமணி. "முப்பத்தேழு மொதல்ல."

பின்வரிசையில் நின்ற வீராயி பதறிப்போனாள். "நல்ல காரியத்துல நான் எதுக்குடி மொதல்ல? புருசன் இல்லாதவ... வேணாம், வேற யாராச்சும் புடிங்க."

"நீ யாரு? குடும்பத் தலைவி. சர்க்காரே எழுதி வச்சிருக்கு. நீ புடிக்காம இங்க ஒருத்தியும் புடிக்கமாட்டா!" என்று சிந்தாமணி போட்ட சத்தம் பெரிய தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஒன்றாம் நம்பர்க்காரி தன் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி வழிவிட்டாள். வீராயி வந்து குடத்தை பைப்புக்கு அடியில் வைத்தாள். தண்ணீர் கொட்டிய சத்தத்தில் அவள் அழுத சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. குடம் நிறைந்ததும் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள்.

"இனிக்குதுடி" என்றாள்.