எதிர்ப்பக்கத்துக் கை

குப்பை பிரிக்கும் கொட்டகையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். ஓடுகிற கன்வேயர் பட்டையில் பைகள் பிதுங்கி வரும்போது, கண்ணாடிச் சில்லு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அவள் கண்ணில்தான் முதலில் படும். “இடது பக்கம்க்கா, பாத்து!” என்பாள். எதிரே நிற்கிற அக்கா கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வாள், பேச்சை மட்டும் நிறுத்தமாட்டாள். முகமூடி போட்டும் அந்த வாய் அடங்கியதில்லை. எத்தனையோ காலமாக இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள்.

இவ்வளவு கூரான கண் உள்ளவள் தன் வீட்டில் ஒரே ஒரு தொட்டிதான் வைத்திருந்தாள். காய்கறித் தோல், தையல்காரக் கணவன் வெட்டித் தள்ளும் துணி, மாமனார் சர்க்கரைக்குப் போட்டுக்கொள்ளும் ஊசி, எல்லாம் அதிலேயே விழும்.

“ஊசியைத் தனியா ஒரு டப்பாவுல போட்டு வைக்கட்டுமாம்மா?” என்று மாமனார் ஒருமுறை கேட்டார்.

“பொழுதன்னிக்கும் குப்பையிலதான் நிக்கறேன் மாமா. வீட்டுலயாவது மகாராணியா இருந்துட்டுப் போறேனே!”

அவர் சிரித்துக்கொண்டே ஊசியைத் தொட்டியில் போட்டார். எறிந்ததைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது ஒன்றுதான் அவளுக்கு வாய்த்த சொகுசு.

அன்று காலை பட்டையில் ஒரு பை கிழிந்து வந்தது. நீலத்தில் மஞ்சள் குடை அச்சிட்ட துணித் துண்டுகள் சரிந்தன. ஒரு வாரமாக அவள் வீட்டுத் தரையெல்லாம் அந்தக் குடைகள்தான் சிதறிக் கிடந்தன. அந்தப் பையில் வேறென்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பட்டையை நிறுத்த, தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். இழுத்தால் மேற்பார்வையாளர் ஓடி வருவார், காரணம் கேட்பார், எல்லார் முன்னாலும் பையைக் கிளறுவார். அவள் கை உயர்ந்தது, பாதியில் நின்றது. கழுகு வீட்டுக் குப்பையைப் பாருங்கடா என்று கொட்டகையே கைகொட்டிச் சிரிக்குமே என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் அக்காவின் கை துணிக்குள் போய்விட்டது.

“ஆ... அம்மா!”

அதற்குப் பிறகுதான் கயிற்றை இழுத்தாள்.

மருத்துவமனைப் பெஞ்சில் அக்கா விரலைப் பிடித்துக்கொண்டு சபித்தாள். “எந்த நாதாரி வீட்டு ஊசியோ! போட்ட கை அழுகிப் போக. உன் கண்ணுலகூடப் படலையேடி, பாரேன்.”

நர்ஸ் வந்து விரலைத் துடைத்தாள். “யார் ஊசின்னு தெரிஞ்சா அவங்க ரத்தத்துல தொத்து நோய் ஏதும் இருக்கான்னு பாத்துடலாம். தெரியலைன்னா மாத்திரை, மாசக்கணக்கா பரிசோதனை. கஷ்டம்தான்.”

கழுகு அந்த விரலையே பார்த்தாள்.

“எங்க மாமனார் ஊசிக்கா.”

அக்கா மெல்லத் திரும்பினாள். “நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன்டி கயிறை இழுக்கல?”

அக்கா எழுந்து பெஞ்சின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

பகலிலேயே மாமனார் வந்து ரத்தம் கொடுத்தார். சட்டைக் கையை இறக்கி விடக்கூட மறந்து, தலை குனிந்தபடியே போனார். முடிவு மறுநாள்தான் வரும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியைத் தரையில் கவிழ்த்தாள்.

“என்ன, ஓவர்டைமை வீட்டுலயே போட்டுட்டியா?” என்றான் கணவன். அவள் முகத்தைப் பார்த்ததும் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தான்.

ஊசிகள் தடித்த டப்பாவுக்குள் போயின. தோல்கள் மூடி போட்ட வாளிக்கு. துணிகளை அவனே பொறுக்கி மூட்டை கட்டினான். மிச்சம் கிடந்ததில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறை. இது தேவையா, இதை ஏன் வாங்கினோம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதை எடுத்தாலும் எதிரே ஒரு கை நீண்டு வருவதுபோல் இருந்தது. பிரித்துக்கொண்டே இருந்தால் நாளைக்கு நல்ல சேதி வரும் என்று யாரோ சொல்லி அனுப்பியதுபோல், பிரிக்க ஒன்றும் இல்லாத பிறகும் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாமனார் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று வந்தது. கொட்டகை வாசலில் அக்காவை மறித்தாள்.

“ஒண்ணும் இல்லையாம்க்கா! மாத்திரைகூட வேண்டாமாம்.”

“நர்ஸ் சொன்னா.”

“வீட்டுல எல்லாத்தையும் தனித்தனியாப் பிரிச்சு வெச்சுட்டேன்க்கா. இனிமே...”

“நேத்து எம் பொண்ணு மடியில வந்து படுத்தா. தள்ளி விட்டுட்டேன்டி. ஏம்மான்னு கேட்டா. என்னன்னு சொல்லட்டும்?”

மணி அடித்தது. அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய் நின்றாள்.